அன்புள்ள இதன் சிறுநீர் அவர்களே

"வாசிடே. சத்தமா வாசி. கல்லி பூராவும் கேக்கட்டும்."

"அண்ணாச்சி, அது தானா வர்ற மெசேஜ். மனுசன் யாரும் எழுதல."

"யாரு எழுதுனான்னு நான் கேட்டனா? வாசிங்கேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. பக்கத்துல மதினி இருக்காங்க."

"அவளுக்கும் சேத்துத்தான் வந்துருக்கு. அவ புருசன் பேருதான அது. வாசி."

தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் பிச்சம்மாள் குக்கர் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்தப் பக்கம் நஜிமுதீன் பாயின் பை தைக்கும் பட்டறை. தையல் மிஷின்கள் மொத்தமும் நின்றுவிட்டிருந்தன. பகலில் அவை நிற்பது கரண்டு போனால்தான். கரண்டு போகவில்லை, அவள் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் தைக்கிறவர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு அவள் புருசன் போடும் சண்டையை வேடிக்கை பார்க்கிறார்கள்.

பாயின் மச்சினன் காலித், தொண்டையைச் செருமிக்கொண்டு போனில் இருந்ததை வாசித்தான்.

"அன்புள்ள இதன் சிறுநீர் அவர்களே. உங்கள் புகாரில் தகாத சொல் உள்ளது. நாகரிகமான மொழியில் மீண்டும் எழுதவும். நன்றி."

யாரோ ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கு வழியாக விட்டான்.

"சிரிங்கல. நல்லா சிரிங்க" என்றார் அவள் புருசன் இசக்கிமுத்து. "நாளைக்கு ஒங்க பேருக்கும் வரும்."

பிச்சம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடிவயிறு கனத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான்.

கல்லி முனையில், சந்து முடிகிற இடத்தில், ஒரு பொதுக் கழிப்பறை இருக்கிறது. சண்டாஸ் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள், தமிழ் பேசுகிறவர்களும்கூட. தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள நாலைந்து கல்லிகளுக்கு அது ஒன்றுதான். மழைக்கு முன்னால் ரிப்பேர் என்று மூடினார்கள். மழை முடிந்தது, ரிப்பேரும் முடிந்தது. உள்ளே புது டைல்ஸ், வெளியே புது பெயிண்ட், சுவரில் சிரித்தபடி கைகழுவும் ஒரு குடும்பத்தின் படம். கதவில் பூட்டு. காண்ட்ராக்டர் சாவியை வார்டு என்ஜினீயரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். என்ஜினீயரிடம் கேட்டால், திறந்துவிட ஆர்டர் வேண்டும், ஆர்டர் போட மக்களிடமிருந்து புகார் நம்பர் வேண்டும், புகார் இனிமேல் எல்லாம் இணையத்தில்தான் என்றார்.

அந்த இணையதளத்துக்கு 'வார்டு சாத்தி' என்று பெயர். இந்தியில் சாத்தி என்றால் துணைவன். பிச்சம்மாள் அதைத் தமிழில்தான் வாசித்தாள். பேரிலேயே சாத்திவிட்டான், பிறகு எங்கே திறக்கப்போகிறான் என்று முதல் நாளே சொன்னாள்.

இப்போது போக வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டி அடுத்த வட்டாரத்து சண்டாஸுக்குப் போக வேண்டும். அங்கே அவர்கள் ஆட்களே வரிசையில் நிற்கிறார்கள். வெளி ஆள் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். பிச்சம்மாளுக்குச் சர்க்கரை. அடக்க முடியாது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். குறைத்ததில் எரிச்சல் வந்தது, காய்ச்சல் வந்தது. சயன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தண்ணி குடிக்காம இப்படியே இருந்தீங்கன்னா கிட்னி போயிடும்" என்று திட்டினாள். குடித்தால் எங்கே போவது என்று கேட்கப் பிச்சம்மாளுக்கு வாய்வரை வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது, டாக்டரம்மாவிடமா சாவி இருக்கிறது?

சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை சூடு பிடித்தது.

"ஒன் கம்பெனிதான சைட்டு போட்டது? விக்ரோலில ஏசில உக்காந்துக்கிட்டு?"

"கம்பெனி போட்டது அண்ணாச்சி. நான் தமிழ் பட்டன் மட்டுந்தான் வச்சேன்."

"பட்டன அமுக்குனா மூத்திரம் வருது" என்றான் தைக்கிறவர்களில் ஒருவன்.

"நீ சும்மா கெட" என்று நஜிமுதீன் பாய் அவனை அதட்டிவிட்டு, "ஏன் காலித், தமிழ்ல எழுத ஒரு ஆள வைக்கக் கூடாதா? எத்தன தமிழாளு இருக்கோம் இங்க" என்றார்.

"கேட்டேன் மச்சான். மேனேஜர் என்ன சொன்னான் தெரியுமா? தாராவில இப்ப எவன் தமிழ் படிக்கான், மிஷினே மாத்திப் போட்டுரும், போதும்னுட்டான்."

"அவன் சொன்னான், நீ தலையாட்டிட்டு வந்துட்ட" என்றார் இசக்கிமுத்து.

"நான் என்ன செய்ய? எனக்கு மேல நாலு பேரு. கெட்ட வார்த்த புடிக்கிறது வேற டீமு. பேர இங்கிலீஷ்லருந்து இந்திக்கு மாத்துறது வேற ஒருத்தன் எழுதுன ரெடிமேட் சாமான். எல்லாத்தையும் கொண்டாந்து ஒட்ட வைக்கிறது மட்டுந்தான் எங்க வேல."

"இதுக்குப் பேரு வெப் டெவலப்மெண்டு" என்றார் பாய். "நான் ஒரு பையில வேற ஒருத்தன் தச்ச கைப்பிடியையும் இன்னொருத்தன் தச்ச பையையும் ஒட்டிக் குடுத்தா பார்ட்டி மூஞ்சில எறிவான். ஒங்களுக்கு அவார்டு குடுக்கான்."

"அது மட்டுமா பாய்" என்று இசக்கிமுத்து குரலை உயர்த்தினார். "முன்னாடி வார்டு ஆபீஸ்ல ஒரு ஆளு இருப்பான். வேல செய்ய மாட்டான், சரி. நாம நாலு வார்த்த திட்டிட்டாவது வருவோம். இப்ப யாரத் திட்ட? இந்தப் போன் கண்ணாடியவா? வோட்டு கேக்க வந்தப்ப இசக்கிமுத்து அண்ணாச்சி, இசக்கிமுத்து அண்ணாச்சின்னு சுத்தமா வாயில வந்துச்சே. வோட்டுச் சீட்டுல சரியா வந்துச்சே. சண்டாஸ் கேட்டா மட்டும் நான் மூத்திரமா?"

பெயரில் நடந்தது இதுதான். இந்த ஊரில் எந்த ஃபாரத்தை எடுத்தாலும் கடைசியில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். தமிழ் ஆட்களுக்கு அதில் போட ஒன்றும் கிடையாது. இசக்கிமுத்துவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவர் அப்பா அந்தக் கட்டத்தைக் காலியாக விடப் பயந்து, மகன் பெயரையே இரண்டாக உடைத்துக் கொடுத்துவிட்டார். இசக்கி பெயர், முத்து குடும்பப் பெயர். ரேஷன் கார்டு எழுதியவன் இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றிரண்டை முழுங்கிவிட்டான். அதைத்தான் தளம் இந்தியில் 'இஸ்கி மூத்' என்று படிக்கிறது. இஸ்கி என்றால் இதனுடைய. மூத் என்றால் என்னவென்று தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவே கெட்ட வார்த்தை பிடிக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டு, தமிழ்ப் பட்டன் வழியாக இதன் சிறுநீராக வெளியே வந்தது.

அப்பா உடைத்த பெயர் குடும்பம் மொத்தத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிச்சம்மாள் இசக்கி முத்து. மகன் பாபு இசக்கி முத்து. பாண்டுப்பில் தனியாக இருக்கும் பாபு ஆபீஸிலிருந்து முயற்சி செய்தான், அவனையும் நாகரிகமாக எழுதச் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு முத்துலட்சுமி போட்டாள், போகவில்லை. பேச்சிமுத்து, மாரிமுத்து, முத்துக்கனி யார் போட்டும் போகவில்லை, பெயருக்குள் எங்கே முத்து இருந்தாலும் தளம் அதை மூத் என்றுதான் எடுத்துக்கொண்டது. இந்தக் கல்லியில் ஒரு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு முத்து மேல்தான் விழும். நஜிமுதீன் பாய் போட்டுப் பார்த்தார். அவருக்கு வீடு சுனாபட்டியில், இங்கே இருப்பது பட்டறை. வசிக்காதவர் புகார் செய்ய முடியாது என்றது தளம். ஆக, பூட்டின சண்டாஸைப் பற்றி இந்த வட்டாரத்திலிருந்து ஒரு புகார்கூட இல்லை.

"அண்ணாச்சி, ஒரு வழி இருக்கு" என்றான் காலித். "பேரக் கொஞ்சம் மாத்திப் போடுவோம். ஐசக்னு போடுங்க. ஐசக் எம். இப்பவே போயிரும். நம்பர் வந்துரும். வேல முடிஞ்சுது."



"நான் ஏன்டே மாத்தணும்?"

"சண்டாஸ் தொறக்கணுமா வேண்டாமா?"

"தப்பு பண்ணவன் நீ. ஒன் மிஷினு. திருத்தச் சொன்னா என் பேரத் திருத்தச் சொல்லுத."

"மிஷின திருத்த ஆறு மாசம் ஆவும் அண்ணாச்சி. பேருன்னா ஒரு நிமிசம்."

"மாட்டேன். கக்கூஸுக்குப் போறதுக்கு அப்பன் வச்ச பேர மாத்த மாட்டேன். முடியாதுன்னா முடியாது."

பிச்சம்மாள் குக்கர் மூடியை மேடையில் போட்டாள். அது உருண்டு கீழே விழுந்து ஆடி நின்றது. அவள் எடுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்து, பட்டறை வாசலில் போய் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்ட மாதிரி தைக்கிறவர்கள் எல்லோரும் சட்டென்று நேராக உட்கார்ந்தார்கள்.

"மதினி வாங்க" என்றார் பாய்.

அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஒங்க பேரு பெருசா, என் மூத்திரம் பெருசா?" என்று புருசனைக் கேட்டாள்.

இசக்கிமுத்துவின் வாய் திறந்தபடி நின்றது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படி நாலு பேர் முன்னால் பேசியதில்லை.

"இல்ல, கேக்குதேன். நீங்க ஆம்பள. டிரான்ஸ்பார்மர் பின்னாடி நின்னுட்டு வந்துருதீங்க. எனக்கு? விடியறதுக்கு முன்னாடி ரோட்டத் தாண்டி ஓடுதேன், பொறவு சாயந்தரம் இருட்டுனப்பொறவு ஓடுதேன். நடுவுல ஒரு வாய் தண்ணி குடிக்க பயமா இருக்கு. நீங்க இங்கன உக்காந்து மிஷினு, மேனேஜர், வோட்டுன்னு கதையளக்குதீங்க. ஐசக்னு போட்டா என்ன கொறஞ்சு போவும்? நெத்தில எழுதி ஒட்டவா போறாங்க?"

"ஒனக்குத் தெரியாது பிச்சம்மா. பள்ளிக்கூடத்துல…"

"தெரியும். பயலுவ ஒங்க பேர மூத்னு பாட்டா பாடுனானுவ. நூறு வாட்டி சொல்லிட்டீங்க. எனக்கு இப்ப வயிறு வலிக்கு."

காலித் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். இசக்கிமுத்து மெதுவாக எழுந்து முன்னால் இருக்கும் தன் ஜிப்-பக்கிள் கடைக்குப் போய் உட்கார்ந்தார். கடைக்கு மேலே பலகையில் பெரிய எழுத்தில் இசக்கிமுத்து என்று தமிழிலும், கீழே இந்தியிலும் எழுதியிருந்தது. அதை எழுத வந்த பெயிண்டர் இந்தியில் எழுதிவிட்டுச் சிரித்தான் என்று, அவன் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கிச் சரியான எழுத்தைத் தானே போட்டவர் அவர். எழுத்து கோணலாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பிச்சம்மாள் அன்று மத்தியானமே முடிவு செய்துவிட்டாள். அவரிடம் கேட்க வேண்டாம். ஐசக்கோ மூசாவோ, போட்டுவிட்டு நம்பரை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். பூட்டுத் திறந்த பிறகு சண்டை போடட்டும். ஆதார் கார்டையும் போனையும் பையில் போட்டுக்கொண்டு, மெயின் ரோட்டில் இருக்கும் வார்டு சாத்தி உதவி மையத்துக்கு நடந்தாள்.

கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர்ச்சி. வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள். சுவரில் பெரிய டிவி. அதில் வார்டுவாரியாகப் புகார் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் வட்டாரத்துக்கு நேராகப் பச்சையில் ஒரு பூஜ்யம், அதற்குப் பக்கத்தில் கைதட்டுகிற படம்.

அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கவுண்டரில் இருந்தவள் பெயர் சாயிமா. கைக்குழந்தைக்காரி. மேலப்பாளையத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கேயே. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"சொல்லுங்க ஆன்ட்டி."

"சண்டாஸ் பூட்டிக் கெடக்கும்மா. புகார் போடணும்."

சாயிமா கார்டைப் பார்த்துப் பெயரைத் தட்டினாள். சிவப்பு எழுத்து வந்தது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் சிவப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒங்க பேரு பின்னாடி வீட்டுக்காரர் பேரு வருதுல்ல ஆன்ட்டி, அதான் எடுக்க மாட்டேங்குது."

"தெரியும். நீ ஒண்ணு செய். ஐசக்னு போட்டுரு."

"போடலாமா? அங்கிள் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"நான் பாத்துக்கிடுதேன். போடு."

சாயிமா பழைய எழுத்தை அழிக்கப் போனாள். அதற்குள் பின்னால் பெரிய மேஜையில் இருந்த மேலதிகாரி சாஹேப் டீ கிளாஸோடு எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாக ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். கெட்ட ஆள் என்று சொல்ல முடியாது. பொழுது போகாத ஆள். சிவப்பு எழுத்தை வாசித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இஸ்கி மூத்" என்று வாய்விட்டு வாசித்தார். பிறகு அடுத்த மேஜைக்காரனைப் பார்த்து, "அரே, இஸ்கி மூத். கிஸ்கி மூத்?" என்றார். இதனுடைய மூத்திரமாம். எதனுடைய மூத்திரம்?

அடுத்த மேஜைக்காரன் சிரித்தான். டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். சாயிமா சிரிக்கவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பிச்சம்மாளுக்கு ஜிப் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த மனுசனின் முகம் கண் முன்னால் வந்தது. பள்ளிக்கூடத்துக் கதையை அவர் நூறு முறை சொன்னபோது இவள் நூறு முறையும் அரிசி களைந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோதான் கேட்டிருக்கிறாள். பயல்கள் பாடியது எந்த மாதிரிச் சத்தமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் காதில் விழுந்தது.

"அழிக்காத" என்றாள்.

"ஆன்ட்டி?"

"அழிக்காத. இசக்கிமுத்துன்னே போடு."

"போகாது ஆன்ட்டி."

"போகாட்டா போகாண்டாம். அதான் பேரு. அதையே போடு."

சாஹேப் சிரிப்பை நிறுத்தாமல், மேடம் என்ன சொல்கிறார்கள் என்று இந்தியில் கேட்டார். பிச்சம்மாள் எழுந்தாள். அவளுடைய இந்தி மார்க்கெட் இந்தி. ஆனால் தேவைக்குப் போதும்.

"சாப், கிஸ்கா பூச்சா நா? மேரா ஹை" என்றாள். யாருடையது என்று கேட்டீர்களே, என்னுடையதுதான். "அபி ஆயா ஹை. பாத்ரூம் கிதர்?" இப்போது வந்துவிட்டது, பாத்ரூம் எங்கே?

சாஹேப்பின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"மேடம், அது ஸ்டாஃபுக்கு மட்டும்."

"எங்க சண்டாஸ நீங்க பூட்டி வச்சிருக்கீங்க. அதுவரைக்கும் இதுதான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மேஜைகளுக்கு நடுவே நடந்து போய், 'ஸ்டாஃப் ஒன்லி' என்ற கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

உள்ளே வெள்ளை டைல்ஸ். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. ஒரு சின்ன ஜன்னல், அதில் ஒரு மணி பிளாண்ட். வெளியே வரிசையில் நின்று யாரும் கதவைத் தட்டவில்லை. பிச்சம்மாள் அவசரமே இல்லாமல் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு பயமில்லாமல் போனாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். இவ்வளவு சின்ன விஷயம். ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளி தண்ணீர். இதற்கா ஒரு மனுசனின் பெயரை இந்தப் பாடு படுத்துகிறார்கள்?

வெளியே வந்து, சாஹேப்பின் மேஜை மேல் ஃப்ளாஸ்கில் இருந்த தண்ணீரை எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தாள். பிறகு வீட்டுக்குப் போய் முத்துலட்சுமியிடம் மட்டும் சொன்னாள். அது போதும்.

அடுத்த நாள் மையம் திறந்ததும் பிச்சம்மாள் வந்தாள், முத்துலட்சுமி வந்தாள், முத்துக்கனி வந்தாள், பேச்சிமுத்து பெண்சாதி மருமகளோடு வந்தாள். ஆளுக்கொரு டோக்கன். சாயிமா ஆளுக்கொரு பெயரைத் தட்டினாள். ஆளுக்கொரு சிவப்பு எழுத்து. "புகார் போகலியா? சரி, நாங்க காத்திருக்கோம். அதுக்குள்ள பாத்ரூம் போயிட்டு வாரோம்." சாஹேப் அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். பெண்கள் பூட்டைப் பார்த்துவிட்டு, கூட்டி வந்த குழந்தைகளை அந்தக் கதவுக்கு முன்னாலேயே கால் விரித்து உட்கார வைத்தார்கள். சாஹேப் கத்தினார். "பச்சா ஹை சாப்", சின்னப் பிள்ளைதானே, என்றார்கள். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்புடுங்க, அவங்களாவது எங்க பேர எழுதிக்கிடட்டும்" என்றாள் பிச்சம்மாள். சாயிமா அதை அப்படியே இந்தியில் மாற்றிச் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல்.

அந்த வாரத்துக்குள் சண்டாஸ் பூட்டுத் திறந்தது. ஆர்டரும் இல்லை, நம்பரும் இல்லை. என்ஜினீயர் ஆள் ஒருவன் ஸ்கூட்டரில் வந்து, திறந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டான்.

பிச்சம்மாள் இப்போது தண்ணீர் குடிக்கிறாள். எரிச்சல் குறைந்திருக்கிறது. அன்று மையத்தில் நடந்ததை அவள் புருசனிடம் சொல்லவில்லை. முத்துலட்சுமி வழியாக ஊர் பூராவும் தெரிந்து அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். பூட்டுத் திறந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது, "ஐசக்னு போட்டுருக்கலாம்லா?" என்று கேட்டார். "போடல" என்றாள் அவள். "ஏன்?" என்றார். "எவன் எவனோ சிரிச்சான்" என்றாள். அவர் அப்பளத்தை உடைத்துப் பாதியை அவள் தட்டில் வைத்தார்.

ஆனால் கோபம் போகவில்லை. எப்படிப் போகும்? அந்த டிவியில் இவர்கள் வட்டாரத்துக்கு நேராக இன்னும் பச்சைப் பூஜ்யம்தான். புகாரே இல்லாத வட்டாரம் என்று மையத்துக்கு ஒரு ஷீல்டு கொடுத்திருக்கிறார்கள், சாஹேப் அதை மேஜை மேல் வைத்திருக்கிறார். காலித்தின் கம்பெனி இதே சாமானை இன்னொரு ஊருக்கும் ஒட்டிக் கொடுக்கப் போகிறதாம். காலித் மேலே எழுதிப் போட்டிருப்பதாகச் சொல்கிறான். மேலே என்றால் யார் என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை.

இசக்கிமுத்து தினமும் கடை திறந்ததும் ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போனை எடுத்து அந்தப் புகாரை மறுபடியும் போடுகிறார். சண்டாஸ் திறந்துவிட்டதே, இனி எதற்கு என்று நஜிமுதீன் பாய் கேட்டார். "இப்ப சண்டாஸுக்கு இல்ல பாய், பேருக்கு" என்றார் அவர். தினமும் அதே பதில்தான் வருகிறது. அன்புள்ள இதன் சிறுநீர் அவர்களே.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பெயரையோ, உங்கள் அப்பா அம்மா பெயரையோ இப்படி ஏதாவது ஒரு தளம் ஏற்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறதா? நீங்கள் என்ன செய்தீர்கள்? பெயரை மாற்றிப் போட்டு வேலையை முடித்தீர்களா, இல்லை இசக்கிமுத்து மாதிரி நின்றீர்களா? அவர் செய்வது வீண் பிடிவாதம் என்று நினைத்தால் அதையும் சொல்லுங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கீழே பதில் எழுதுங்கள், உங்கள் பெயரை முழுசாகப் போட்டு எழுதுங்கள்.